பல்கலைக்கழக நிதிக்கணிதப் பாடம் ஆக்சுவரித் தேர்வுக்குப் போதுமா?

முடிவிலி (தொடக்கப் பதிவு)

கணித இளநிலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி இடரைக் கணக்கிடும் வல்லுநர்களான ஆக்சுவரிகளுக்காகச் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் (எஸ்.ஓ.ஏ.) நடத்தும் எஃப்.எம். தேர்வை, அதாவது நிதிக்கணிதத் தாளை, அடுத்த ஆண்டு எழுதலாம் என்று இருக்கிறேன். வரும் பருவத்தில் இரண்டு விருப்பப் பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, புள்ளியியல் துறை நடத்தும் வட்டிக் கோட்பாடு. மற்றொன்று, எங்கள் கணிதத் துறையே நடத்தும் நிதிக்கணிதம். அதன் பாடத்திட்டத்தில் பிரவுனியன் இயக்கம், மார்ட்டிங்கேல், இட்டோவின் தேற்றம், ஆப்ஷன்களுக்கு (குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ தரும் உரிமைகளுக்கு) விலையிடும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு ஆகியவை இருக்கின்றன.

முதல் பாடம் வெறும் கூட்டு வட்டிதான், பள்ளியில் படித்ததை இழுத்து நீட்டியிருக்கிறார்கள் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது பாடம் கடினமானது என்பதால் அதைப் படித்துவிட்டால் எஃப்.எம். தானாகவே எளிதாகிவிடும் என்பது என் கணிப்பு. இது சரியா? பாடமே எடுக்காமல் சொந்தமாகப் படித்துத் தேர்வை எழுதுவதும் ஒரு வழியா? இந்த வழியில் போனவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தனிவழி

எந்தப் பாடமும் வேண்டாம் என்பதே என் கருத்து. எஸ்.ஓ.ஏ. தன் இணையதளத்தில் பாடத்திட்டத்தையும் மாதிரி வினாக்களையும் விடைகளோடு இலவசமாகவே வைத்திருக்கிறது. தேர்வில் 30 வினாக்கள், இரண்டரை மணி நேரம், எல்லாமே கொள்குறி வகை, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. ஒரு வினாவுக்குச் சராசரியாக ஐந்து நிமிடம் வருகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுவதும் உட்கார்ந்து, தேற்றத்துக்கு நிரூபணம் எழுதிப் பழகுபவருக்கு அந்த ஐந்து நிமிடத்தில் விடையைப் பிடிக்கும் பழக்கம் வராது. நான் பட்டப்படிப்பில் இயற்பியல் படித்தவன். ஒரு பயிற்சிப் புத்தகத்தையும் மாதிரி வினாக்களையும் மட்டுமே வைத்துக்கொண்டு தேர்ச்சி பெற்றேன். கணிதம் படிப்பவருக்கு இது இன்னும் எளிதாகவே இருக்க வேண்டும்.

கரும்பலகை

நான் இந்த இரண்டு பாடங்களையும் நடத்தியிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவிலியின் கணிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடினமான பாடம் எளிய பாடத்தை உள்ளடக்கியிருக்கும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். இங்கே அப்படி இல்லை. எஃப்.எம். தாள் கேட்பது பணத்தின் காலமதிப்பு, ஆண்டுத்தொகைகள் (சீரான இடைவெளியில் வரும் தொடர் தொகைகள்), கடன் தவணைகள், கடன்பத்திரங்கள், ஸ்பாட் (இன்று தொடங்கும்) மற்றும் ஃபார்வர்டு (பின்னாளில் தொடங்கும்) வட்டி விகிதங்கள், ட்யூரேஷன் (பணம் வரும் காலங்களின் எடையிட்ட சராசரி), கான்வெக்ஸிட்டி (அந்தக் காலங்களின் பரவலைச் சார்ந்த அளவு), இம்யூனைசேஷன் (வட்டி மாறினாலும் சொத்து கடன்பாட்டுக்குக் குறையாதபடி அமைப்பது) ஆகியவற்றை. இவற்றில் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். நிகழ்தகவு எங்கும் தலைகாட்டுவதில்லை. கணிதத் துறையின் பாடமோ சந்தை விலை எப்படி நகரும் என்பதே தெரியாத நிலையில் தொடங்குகிறது. பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தைத் தருவிக்கத் தெரிந்த மாணவர்கள், மாதம் ஒருமுறை வட்டி சேரும் கணக்கில் காலாண்டுத் தவணையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் தடுமாறுவதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

‘வெறும் கூட்டு வட்டி’ என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1,00,000 அலகு கடன். ஆண்டுக்கு 12 விழுக்காடு பெயரளவு வட்டி, மாதந்தோறும் சேர்கிறது, அதாவது மாதம் ஒரு விழுக்காடு. 120 சமமான மாதத் தவணைகளில் அடைக்க வேண்டும். அறுபத்தோராவது தவணையில் அசலுக்குப் போகும் பங்கு எவ்வளவு? பள்ளிக் கணக்கு மட்டும் தெரிந்தவர் அறுபத்தோரு வரிகள் கொண்ட அட்டவணையைப் போடத் தொடங்குவார். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர், எந்தச் சூத்திரம் என்று தேடுவார்.

வட்டிக் கோட்பாட்டை உணர்ந்து படித்தவர் பார்ப்பது வேறு. தவணை 1,434.71. எந்தத் தவணைக்குப் பிறகும் மீதியிருக்கும் கடன் என்பது இனி வரவேண்டிய தவணைகளின் அன்றைய மதிப்பு மட்டுமே. அடுத்தடுத்த தவணைகளில் அசல் பங்கு ஒவ்வொரு முறையும் 1.01 மடங்காக வளர்கிறது; கடைசித் தவணையின் அசல் பங்கு, தவணையை 1.01-ஆல் ஒருமுறை வகுத்தது. ஆகவே அறுபத்தோராவது தவணையின் அசல் பங்கு, தவணையை 1.01-இன் அறுபதாம் அடுக்கால் வகுத்தது: 789.74. மீதி 644.97 வட்டி. இந்த வட்டி ஒரு விழுக்காடு என்பதால், பாதிக் காலம் கடந்த பிறகும் நிலுவைக் கடன் 64,497 இருந்திருக்கிறது என்பதும் அதே வரியிலேயே கிடைத்துவிடுகிறது. அட்டவணை எதுவும் தேவைப்படவில்லை. தனிவழி சொல்லும் ஐந்து நிமிடம் இப்படித்தான் போதுமானதாகிறது. வேகமாக எண்களைத் தட்டுவதால் அல்ல.

தனிவழி

கரும்பலகை அவர்கள் சொல்லும் அந்தப் பார்வை நல்ல பயிற்சிப் புத்தகத்திலும் கிடைக்கும் என்பதுதான் என் வாதம். மேலும், அனுமதிக்கப்பட்ட நிதிக் கணிப்பானில் கடன் அட்டவணைக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. பி.ஏ. டூ பிளஸ் என்ற கணிப்பானை வைத்திருப்பவர் தவணை எண்ணை மட்டும் கொடுத்தால் அசல் பங்கு, வட்டிப் பங்கு, நிலுவை மூன்றையும் அது காட்டிவிடும்.

கரும்பலகை

காட்டும்; மறுக்கவில்லை. ஆனால் தவணைகள் சமமாக இருந்தால் மட்டுமே அது உதவும். தவணை ஆண்டுக்கு மூன்று விழுக்காடு உயர்கிறது என்றோ, நடுவில் வட்டி விகிதம் மாறி மீதிக் கடனை மறுதவணையாக்குகிறார்கள் என்றோ வினா வந்தால், கணிப்பானின் அந்தப் பகுதியால் நேரடியாகப் பயன் இல்லை. தேர்வில் வரும் வினாக்களில் கணிசமானவை அத்தகையவையே. கணிப்பானைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: தவணை காலத்தின் தொடக்கத்தில் வருகிறதா முடிவில் வருகிறதா என்பதற்கான அமைப்பை ஒரு வினாவுக்காக மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறப்பவர்கள் உண்டு. அதன் பிறகு வரும் விடைகள் எல்லாம் சிறிதளவே பிசகியிருக்கும். அந்தப் பிசகிய விடையும் கொடுக்கப்பட்ட ஐந்து விடைகளில் ஒன்றாக இருக்கும் என்பதுதான் கொடுமை.

ஓய்வூதியக்கணக்கு

நான் ஓய்வூதிய நிதிகளுக்கான மதிப்பீட்டுப் பணியில் இருக்கிறேன், தேர்வுகளை ஐ.எஃப்.ஓ.ஏ. (இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபேகல்டி ஆஃப் ஆக்சுவரீஸ்) வழியில் எழுதினேன். அந்த வழியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை என்பதால் சேர்க்கிறேன்.

பிரிட்டனின் ஐ.எஃப்.ஓ.ஏ. 2019-இல் பாடத்திட்டத்தை மாற்றியது. அதற்கு முன்பு சி.டி.1 என்ற பெயரில் நிதிக்கணிதம் தனித்தாளாக இருந்தது. இப்போது அது ஆயுள் காப்பீட்டுக் கணிதத்தோடு சேர்ந்து சி.எம்.1 ஆகிவிட்டது. அதில் எழுத்துத் தாள் ஒன்றும் விரிதாளில் செய்ய வேண்டிய தாள் ஒன்றும் உண்டு. முடிவிலி குறிப்பிடும் இரண்டாவது பாடத்தில் உள்ள பிரவுனியன் இயக்கம், ஆப்ஷன் விலையிடல், வட்டி விகித மாதிரிகள் ஆகியவை சி.எம்.2-இல் வருகின்றன. ஆக இந்த வழியில் போகிறவருக்கு இரண்டு பாடங்களுமே வேண்டும், வரிசைதான் கேள்வி. எஸ்.ஓ.ஏ. வழியில் ஆப்ஷன் விலையிடலுக்குப் பெருமளவு இடம் கொடுத்திருந்த ஐ.எஃப்.எம். தாள் 2022-இல் நிறுத்தப்பட்டது. அதனால் அந்த வழியில் இரண்டாவது பாடத்தின் நேரடித் தேர்வுப் பயன் முன்பைவிடக் குறைவு.

பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஆதரவாக, தனிவழி கணக்கில் எடுக்காத ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஐ.எஃப்.ஓ.ஏ.-இன் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்புகளில், குறிப்பிட்ட பாடங்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மதிப்பெண் எடுத்தால் அதற்குரிய தாளிலிருந்து விலக்குக் கிடைக்கும். எஸ்.ஓ.ஏ.-இலும் பொருளாதாரம், கணக்கியலும் நிதியும், கணிதப் புள்ளியியல் ஆகிய மூன்று துறைகளுக்குத் தேர்வே கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட பாடங்களைப் படித்துத் தகுதியைக் காட்ட வேண்டும். பட்டப்படிப்புக் காலத்திலேயே இதை முடித்துக்கொள்ளாமல், வேலைக்குப் போன பிறகு மாலை நேரங்களில் பொருளாதாரப் பாடத்தைத் தேடி அலைகிறவர்களை அறிவேன். ஆகவே எந்தப் பாடத்தையும் தேர்ந்தெடுக்கும் முன், அது இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

முடிவிலி

அனைவருக்கும் நன்றி. எங்கள் பட்டப்படிப்புக்குத் தேர்வு விலக்கு எதுவும் இல்லை, விசாரித்துவிட்டேன். இப்போது வட்டிக் கோட்பாட்டை முதலில் எடுப்பது என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எஃப்.எம். பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது முதல் நான்கு பகுதிகளும் புரிந்தன. இம்யூனைசேஷன் மட்டும் புரியவில்லை. சொத்துகளின் மதிப்பும் கடன்பாடுகளின் மதிப்பும் சமமாக இருக்க வேண்டும், ட்யூரேஷன் சமமாக இருக்க வேண்டும், சொத்துகளின் கான்வெக்ஸிட்டி அதிகமாக இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை அப்படியே நெட்டுருப் போடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

கரும்பலகை

உண்டு. ஒரே ஒரு எடுத்துக்காட்டைக் கையால் போட்டுப் பாருங்கள், நெட்டுரு தேவைப்படாது.

பத்தாண்டுகள் கழித்து 1,00,000 அலகு கொடுக்க வேண்டிய கடன்பாடு இருக்கிறது. வட்டி 6 விழுக்காடு. அதன் இன்றைய மதிப்பு 55,839. இந்தத் தொகையைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை ஐந்தாண்டில் முதிரும் வட்டிச்சீட்டில்லாக் கடன்பத்திரத்திலும் (இடையில் வட்டி தராமல் முதிர்வில் மட்டும் பணம் தருவது) மறுபாதியைப் பதினைந்தாண்டில் முதிரும் பத்திரத்திலும் போடுகிறோம். ஐந்துக்கும் பதினைந்துக்கும் சராசரி பத்து. எனவே ட்யூரேஷன் பொருந்திவிட்டது. முதிர்வின்போது கிடைப்பவை 37,363-உம் 66,911-உம்.

மறுநாளே வட்டி 5 விழுக்காடாக இறங்குகிறது என்று கொள்வோம். கடன்பாட்டின் மதிப்பு 61,391 ஆக ஏறுகிறது. சொத்துகளோ 29,275-உம் 32,185-உம் சேர்ந்து 61,460 ஆகின்றன. 69 அலகு மிச்சம். மாறாக வட்டி 7 விழுக்காடாக ஏறினால், கடன்பாடு 50,835, சொத்துகள் 50,891. இப்போதும் 56 அலகு மிச்சம். வட்டி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பற்றாக்குறை வரவில்லை. சொத்துகள் காலத்தில் இரு பக்கமும் பரந்து கிடப்பதும் கடன்பாடு ஒரே புள்ளியில் நிற்பதுமே இதற்குக் காரணம். கான்வெக்ஸிட்டி நிபந்தனை சொல்வது இந்தப் பரவலைத்தான். ஃபிராங்க் ரெடிங்டன் என்ற பிரிட்டிஷ் ஆக்சுவரி 1952-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கருத்தை வைத்தார். ட்யூரேஷன் என்ற அளவை அதற்கு முன்பே, 1938-இல், ஃபிரெட்ரிக் மெக்காலே உருவாக்கியிருந்தார்.

நிகழ்தகவு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இடத்தில் ஓர் ஐயம். வட்டி ஏறினாலும் இலாபம், இறங்கினாலும் இலாபம், அப்படியே இருந்தால் நட்டமில்லை என்றால், கைக்காசு போடாமல் யாரும் இதைச் செய்து பணம் பண்ணலாமே? பத்தாண்டுக் கடன்பத்திரத்தை விற்று, ஐந்தாண்டும் பதினைந்தாண்டும் வாங்கினால் போதும். நான் படித்த நிதிக்கணிதத்தில் இதற்கு ஆர்பிட்ரேஜ் என்று பெயர். இது சந்தையில் நிலைக்க முடியாது என்பதுதான் முழுப் பாடத்தின் அடித்தளமே.

கரும்பலகை

மிகச் சரியான ஐயம். முடிவிலி இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடம் இதுதான்.

ரெடிங்டனின் வாதம் எல்லாக் காலத்துக்கும் ஒரே வட்டி விகிதம் நிலவுகிறது, அது மாறினாலும் எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவில் மாறுகிறது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. அந்த எடுகோளை ஏற்றால், நீங்கள் சொன்ன இலவச இலாபம் உண்மையிலேயே வந்துவிடுகிறது. ஆகவே ஆர்பிட்ரேஜ் இல்லாத சந்தையில் வட்டி விகிதங்கள் அப்படி நகர முடியாது. நடைமுறையில் குறுகிய கால வட்டியும் நீண்ட கால வட்டியும் வெவ்வேறு அளவில், சில நேரம் எதிரெதிர்த் திசையிலும் நகரும். அப்போது மேலே போட்ட கணக்கில் பற்றாக்குறையும் வரலாம். ஐந்தாண்டு வட்டி 6-இலேயே நிற்க, பத்தாண்டு வட்டி 5.5-க்கு இறங்கி, பதினைந்தாண்டு வட்டி 6.5-க்கு ஏறுவதாக வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். எஃப்.எம். தேர்வு உங்களிடம் மூன்று நிபந்தனைகளைச் சரிபார்க்க மட்டுமே சொல்லும். அந்த நிபந்தனைகள் எங்கே உடையும் என்று கேட்கக் கற்றுத் தருவது இரண்டாவது பாடம். அதைப் பயனற்றது என்று நான் எங்கும் சொல்லவில்லை. முதல் பாடத்துக்கு மாற்றாகாது என்றுதான் சொன்னேன்.

ஓய்வூதியக்கணக்கு

பணியிடத்திலிருந்து இதற்கு இரண்டு சான்றுகள் தரலாம்; இரண்டும் பிரிட்டனில் பகிரங்கமாக நடந்தவை.

ஒன்று ஈக்விடபிள் லைஃப். 1762-இல் தொடங்கிய அந்த நிறுவனம், ஓய்வூதிய ஒப்பந்தங்களில் குறைந்தபட்ச ஆண்டுத்தொகை விகிதத்துக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. வட்டி உயரத்தில் இருந்தவரை அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பே இல்லாதது போலத் தோன்றியது. 1990-களில் வட்டி இறங்கியது, மக்களின் ஆயுளும் கூடியது. உத்தரவாதத்தின் செலவு தலைக்கு மேல் போனது. 2000 ஜூலையில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராக வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே புதிய வணிகத்தை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தத்துக்குள் ஓர் ஆப்ஷன் ஒளிந்திருப்பதைக் காண்பதற்கும் அதற்கு விலையிடுவதற்கும் கூட்டு வட்டி மட்டும் போதாது.

மற்றொன்று 2022 செப்டம்பர். ஓய்வூதிய நிதிகள் கடன்பாட்டின் ட்யூரேஷனோடு சொத்தின் ட்யூரேஷனைப் பொருத்துவதற்காகக் கடன் வாங்கி அரசுக் கடன்பத்திரங்களைச் சார்ந்த முதலீடுகளை வைத்திருந்தன. பத்திரங்களின் வட்டி திடீரென ஏறியபோது, கூடுதல் பிணையத்தை உடனே கட்ட வேண்டியதாயிற்று. அதற்காகப் பத்திரங்களை விற்க, விலை மேலும் விழுந்தது. இங்கிலாந்து வங்கி தலையிட வேண்டி வந்தது. ட்யூரேஷன் கணக்குப்படி எல்லாம் பொருந்தியிருந்தது; கையில் ரொக்கம் இல்லை. தேர்வுத் தாளில் இது வராது. ஆனால் ட்யூரேஷன் பொருந்திவிட்டது என்று கையெழுத்திடப் போகிறவர், அந்தச் சொல் எதைச் சொல்லவில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

தனிவழி

இந்த இரண்டு நிகழ்வுகளும் முக்கியமானவைதான். எனினும் முடிவிலியின் உடனடித் தேவை ஒரு தேர்வில் தேர்ச்சி. பயிற்சிப் பணிக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் முதலில் பார்ப்பது எத்தனை தாள் முடித்திருக்கிறார் என்பதைத்தான். அதனால் என் நிலைப்பாட்டைச் சற்று மாற்றிச் சொல்கிறேன்: பாடத்தை எடுங்கள், ஆனால் பருவம் முடிந்த கையோடு தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். பல்கலைக்கழகத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், இன்னும் சற்றுப் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டு, ஓராண்டு கழித்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்குகிறார்கள். வகுப்பு நடக்கும்போதே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதற்குரிய மாதிரி வினாக்களை நேரம் வைத்துப் போட்டு வந்தால், பருவ இறுதியில் மூன்று நான்கு வாரத் தனிப் பயிற்சி போதும்.

கரும்பலகை

இதில் தனிவழியோடு முழுமையாக உடன்படுகிறேன்.

முடிவிலி

அப்படியானால் வரும் பருவத்தில் வட்டிக் கோட்பாடு, பருவம் முடிந்ததும் எஃப்.எம்., மூன்றாம் ஆண்டில் பிளாக்-ஷோல்ஸ் பாடம் என்று வைத்துக்கொள்கிறேன். கரும்பலகை அவர்கள் கொடுத்த கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கடன்பாடு 58,543, சொத்துகள் 53,936 என்று வந்தது. நாலாயிரத்துக்கும் மேலான பற்றாக்குறை! வட்டி அரை விழுக்காடு திருகிக்கொண்டதற்கு இவ்வளவா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

கடைசியாக ஒன்று. அதே பருவத்தில் இன்னொரு விருப்பப் பாடத்துக்கும் இடமிருக்கிறது. சிக்கலெண் பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள் இரண்டில் எது பொருந்தும்?

கரும்பலகை

விடை சரி, அடி இரண்டு பக்கமும் விழுகிறது: கடன்பாடு ஏறியது சுமார் 2,700, நீண்ட காலப் பத்திரம் இழந்தது சுமார் 1,900.

பாடத்தைப் பொறுத்தவரை வகைக்கெழுச் சமன்பாடுகளையே எடுங்கள். தொடர்ச்சியாக வட்டி சேர்ந்து, தொடர்ச்சியாகத் தவணை கட்டப்படும் கடனில், நிலுவையின் மாறுவீதம் என்பது வட்டி விசையை (தொடர்ச்சியாகச் சேரும் வட்டியின் வீதத்தை) நிலுவையால் பெருக்கி அதிலிருந்து தவணையைக் கழித்தது. இதே சமன்பாட்டில் தவணையின் இடத்தில் பிரீமியத்தை எதிர்க்குறியோடு வைத்து, இறப்பு நேரும் வீதத்துக்கான ஓர் உறுப்பையும் சேர்த்தால், ஆயுள் காப்பீட்டின் கையிருப்பு நிதிக்கான தீலே சமன்பாடு கிடைக்கிறது. எஃப்.எம். முடித்து ஆயுள் காப்பீட்டுத் தாள்களுக்குப் போகும்போது அதைச் சந்திப்பீர்கள். இடையில் எஸ்.ஓ.ஏ.-இன் நிகழ்தகவுத் தாளான பி தேர்வுக்குரிய பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், எஃப்.எம்.-உக்கு அது தேவையில்லை என்பதாலேயே பலர் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.